மஹ்ரிபுக்குக் கிறுகிய கப்பல்

போன மாதம் ஒரு பொடியன் என்னைத் தேடி வந்தான். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறானாம். நிந்தவூர்ப் பிள்ளை. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தான், கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தான். அதனால்தான் அவன் பிறகு சொன்ன கதைக்கு அவனை வீட்டைவிட்டுத் துரத்தாமல் விட்டேன்.

"மேடம், நீங்க அந்தச் சக்கரக் கப்பல்ல வேலைக்குப் போய் வந்த டீச்சராமே" என்று தொடங்கிக் கைபேசியை நீட்டினான். பழைய பதிவுக் கொப்பி ஒன்றின் பக்கங்களைப் படம் பிடித்து வைத்திருந்தான். எங்கோ ஓர் அலுமாரிக்குள் கறையானுக்குத் தப்பிக் கிடந்ததாம். எழுத்தைப் பார்த்ததுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. அந்தச் சரிந்த பெரிய எழுத்து கப்பலை ஓட்டிய சுக்கானி கணபதியண்ணனுடையது. ஒவ்வொரு பின்னேரமும் ஒரே வரி. ஆற்றுவாழை, சில்லு துப்புரவு, ஏழு நிமிடம். அடுத்த நாளும் அதுவே. அதற்கு அடுத்த நாளும் அதுவே. ஆற்றுவாழை என்றால் சில்லில் சிக்குகிற ஆகாயத்தாமரை.

பொடியன் உற்சாகமாகிவிட்டான். "நான் கிராப் போட்டுப் பாத்தன் மேடம். நவம்பர்ல ஆற்றுவாழை ஆறு மணிக்கு முன்னுக்கே வந்திருது. ஜூலையில ஆறரைக்குத்தான் வருது. வருசத்துல ஒரு மாசம் மட்டும் துப்புரவாக்கக் கால் மணித்தியாலம் எடுத்திரிக்கி. அந்த மாசமும் ஒவ்வொரு வருசமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகருது. ஏனெண்டுதான் விளங்கல்ல. இந்தப் பிரச்சினையாலயும், சுக்கானிக்கு வேலை தெரியாததாலயும்தான் கப்பல் சேவை நிண்டது எண்டு எழுதலாமா?"

நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்துவிட்டது. நோன்பு பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. சூரியன் படுகிற நேரத்தோடு சேர்ந்து நகர்கிற ஆற்றுவாழையை, பிறைக் கணக்கில் வருசாவருசம் முன்னுக்கு வருகிற ஒரு மாதத்தைக் கிராப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறான், ஆனால் அது என்னவென்று தெரியவில்லை. சிரித்து முடிய எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்தபோது வந்த கோபம் அது. பாண்டிருப்புத் தமிழர் ஒருவர், எங்கள் ஆட்கள் அந்தி நேரத்து மஹ்ரிப் தொழுவதற்காக நடு ஆற்றில் கப்பலை நிறுத்தி, அதை மக்காத் திசையான கிப்லாவுக்கு நேராகத் திருப்பிப் பிடித்திருப்பார் என்று அவன் மண்டைக்குள் ஒரு மூலையிலும் தோன்றவில்லை. தோன்றாதபடி நாங்கள்தான் வளர்த்து வைத்திருக்கிறோம்.

"எழுதாத" என்றேன். "நான் எழுதுறன்."

எழுதுகிறேன். நடந்ததற்கு நான் சாட்சி. யாராவது நம்பாவிட்டால் அது அவர்களுடைய பாடு.

எங்கள் பக்கத்து வாவியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். புத்தகத்தில் அது வாவி, எங்கள் வாயில் அது ஆறு. ஆற்றுக்குக் கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும்புகிற கரை, படுகிற கரை, அவ்வளவுதான் கணக்கு. கல்முனைக்கு மேற்கே கிட்டங்கித் துறையிலிருந்து காலையில் புறப்படும் கப்பல், வழியில் படுவான்கரைத் துறைகளில் நின்று நின்று வடக்கே மட்டக்களப்புக்குப் போகும். பின்னேரம் அதே வழியில் தெற்கே திரும்பி வரும். வெள்ளைக்காரன் நெல் ஏற்றக் கொண்டுவந்து விட்ட கப்பல் அது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்தைவிடப் பெரிய சில்லு, நடுவில் கொதிகலன், அதன் தலையில் ஒரு நீண்ட கறுத்த குழாய். பக்கத்தில் ஏதோ ஒரு சீமை இளவரசியின் பெயரைப் பித்தளை எழுத்தில் அடித்திருந்தார்கள். நான் ஏறத் தொடங்கிய காலத்தில் பாதி எழுத்து கழன்று போயிருந்தது. மிச்சத்தைக் கூட்டி வாசித்தால் எந்த இளவரசியும் வரமாட்டாள். நாங்கள் சக்கரக் கப்பல் என்றே சொன்னோம்.

அதன் மணம் இன்னும் எனக்கு வரும். கண்டல் விறகுப் புகை, சூடேறிய எண்ணெய், நனைந்த நெல் சாக்கு, மூலையில் யாரோ வைத்துவிட்ட கருவாட்டுப் பொட்டலம். அந்த மணம் சேலையில் ஏறினால் மூன்று முறை துவைத்தாலும் போகாது. எனக்கு வந்த கலியாணப் பேச்சில் ஒன்று, பெண்ணிடம் புகை மணக்கிறது என்று சொல்லித் தட்டிப்போனது. உம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்திருந்த நான் மட்டும் கப்பலுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஆசிரியை நியமனக் கடிதம் வந்தபோது வீடு இரண்டுபட்டது. பள்ளிக்கூடம் படுவான்கரையில், மருதடித்துறையில். மருதமுனையிலிருந்து கிட்டங்கிக்கு வாப்பாவின் சைக்கிள், அங்கிருந்து ஒன்றரை மணித்தியாலம் கப்பல். "பொம்பிளப் புள்ள தனியாகவா? சரிவராது" என்றார் வாப்பா. "நான் போவன்" என்றேன். "சரிவராது எண்டன்" என்றார். "நானும் போவன் எண்டன்" என்றேன். மறுநாள் வாப்பா தனியாகக் கிட்டங்கிக்குப் போய்க் கப்பலைப் பார்த்து, சுக்கானியோடும் கதைத்துவிட்டு வந்தார். வந்து, "அந்த மனிசன் ஒருக்காலும் சிரிக்கல்ல. நம்பி அனுப்பலாம்" என்றார். இப்படித்தான் எனக்கு உத்தியோகம் உறுதியானது.

கணபதியண்ணன் உண்மையிலேயே சிரிக்கமாட்டார். கட்டை ஆள். வெயிலுக்குச் சுருக்கிச் சுருக்கி ஒரு கண் பாதியாகவே நின்றுவிட்டது. வாயில் எந்த நேரமும் வெற்றிலை. வயல்காரப் போடியார், கூலிக்காரர், டீச்சர் என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே ஏச்சுத்தான். "நடுவுல இரிங்க. எத்தின தரம் சொல்லுற? நடுவுல இரிங்க." அதற்குக் காரணம் இருந்தது. சக்கரக் கப்பலில் ஆட்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்தால் அந்தப் பக்கம் தாழும். தாழ்ந்த பக்கத்துச் சில்லு தண்ணீருக்குள் ஆழமாகப் போகும், மற்றப் பக்கத்துச் சில்லு தண்ணீருக்கு மேலே எழும்பிக் காற்றைக் கடையும். அப்போது கப்பல் சுக்கானியின் பேச்சைக் கேளாது, தன்பாட்டில் வளைந்து போகும். முதலை பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் ஓடியதில் ஒருமுறை நாணல் காட்டுக்குள் ஏறியிருக்கிறது. அதிலிருந்து முதலை கண்டாலும் சொல்லக் கூடாது என்பது கப்பலின் சட்டம்.

இப்போது தொழுகைக் கதைக்கு வருகிறேன். பின்னேரக் கப்பலில் எங்கள் ஆட்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். படுவான்கரையில் வயல் செய்கிறவர்கள், மாடு வாங்கப் போனவர்கள், பாய் விற்கப் போனவர்கள். மஹ்ரிப் நேரம் கப்பல் நடு ஆற்றில், தெற்கே பார்த்து வந்துகொண்டிருக்கும். கிப்லா எங்களுக்கு மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்வாக. அதாவது கப்பலின் வலது பக்கம். எல்லோரும் வலது பக்கம் பார்த்து வரிசையாகச் சப்பு கட்டினால், நடுவில் கொதிகலன் இருப்பதால் அத்தனை பேரும் வலது விளிம்பில்தான் நிற்க வேண்டும். பிறகு சொல்லத் தேவையில்லை, இடது சில்லு வானத்தில்.

அதனால் கணபதியண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். தொழுகை வக்து வந்ததும் கீழே இஞ்சின் அறைக்குப் போகிற பித்தளைக் குழாயில் வாயை வைத்து, "யோசேப்பு, இடது முன்னுக்கு, வலது பின்னுக்கு" என்பார். இஞ்சினுக்குப் பொறுப்பான யோசேப்பண்ணன் கல்முனைக் கத்தோலிக்கர். இரண்டு சில்லையும் எதிரும் புதிருமாக ஓட்டுவார். கப்பல் நின்ற இடத்திலேயே ஆட்டுக்கல் குழவி போல் கிறுகும். திருப்புவதை எங்கள் பக்கம் கிறுக்குவது என்போம். மூக்கு நேரே கிப்லாவுக்கு வந்ததும் நிறுத்திப் பிடிப்பார். அப்போது முன் தட்டில் குறுக்கே சப்பு கட்டலாம், வலது பக்கம் பாதி, இடது பக்கம் பாதி. கப்பல் அசையாது. மூன்று ரக்அத் முடிந்து சலாம் கொடுத்ததும் திரும்பவும் தெற்கே கிறுக்கிக் கிட்டங்கிக்கு விடுவார். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் சேர்வதால் கால் மணித்தியாலம். பெண்கள் அறை சுக்கான் கூட்டுக்குக் கீழே பின்பக்கம் இருந்தது. நாங்கள் அங்கேயே இருப்போம், வீட்டுக்குப் போய்த்தான் தொழுவோம். அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

ஒருநாள் நான் அவரைப் புகழப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நீங்க செய்யிறது பெரிய நன்மை கணபதியண்ணன்" என்றேன். முகத்தைச் சுளித்தார். "என்ன நன்மை? நான் சில்லுக்காகக் கிறுக்கிறன் டீச்சர். உங்கட அல்லாவுக்கும் எனக்கும் ஒரு சோலியும் இல்ல. இவனுகள் ஒரு பக்கமாச் சரிஞ்சா கப்பல ஆரு இழுக்கிற? உங்கட வாப்பாவா?"

கப்பலை நடத்துகிற கந்தோரில் இதைச் சொல்லி அனுமதி கேட்டால் தரமாட்டார்கள். அதனால் பதிவுக் கொப்பியில் ஆற்றுவாழை என்று எழுதிவிடுவார். கப்பலில் எல்லோருக்கும் அது தெரியும். "கணபதியண்ணன், ஆற்றுவாழைக்கு நேரமாகுது" என்று எங்கள் ஆட்களே பகிடியாக நினைவூட்டுவார்கள்.

பிறகு யாரோ ஒருவர் கந்தோருக்கு முறைப்பாடு எழுதிப் பெட்டிசம் போட்டார். யாரென்று எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். அக்கரைப்பற்றுக்குப் போகிற கடைசி பஸ் அவருக்கு இரண்டு முறை தவறிவிட்டது. சுக்கானி குடித்துவிட்டு நடு ஆற்றில் கப்பலை நிறுத்தித் தூங்குகிறார் என்று எழுதிப் போட்டுவிட்டார். வெற்றிலையைத் தவிர வேறொன்றும் தொடாத மனிதர் அவர். ஆறு பிள்ளைகள். மூத்த மகளுக்கு அந்த வருடம் கலியாணம் பேசியிருந்தார்கள். வேலை போனால் எல்லாம் போகும்.

விசாரணைக்குக் கந்தோர் ஐயா ஒருவர் மட்டக்களப்பிலிருந்து அதே கப்பலில் ஏறினார். வெள்ளைக் காற்சட்டை, பளபளக்கிற சப்பாத்து. முன் தட்டில், சப்பு கட்டுகிற இடத்தில் மேசை போட்டு, மைக்கூடு வைத்து, ஓடுகிற கப்பலிலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். நான் மருதடித்துறையில் ஏறியபோது பாதி முடிந்திருந்தது. கணபதியண்ணன் சுக்கான் கூட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் ஒரு வேலை செய்தார்கள். உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். சுக்கானியைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் பொய் சொல்லக் கூடாது. அதற்கு, வழக்கமாகத் தொழுவிக்கிற நிந்தவூர் உதுமாலெவ்வைக் காக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தொழுகிறவன் கண் நெற்றியை வைத்துச் சுஜூது செய்கிற இடத்தில்தானே இருக்க வேண்டும். அப்படியென்றால் கப்பல் நின்றதையோ கிறுகியதையோ தொழுதவர்கள் யாரும் கண்ணால் காணவில்லை. அது நூறு வீதம் உண்மை. எல்லோரும் அதையே சொல்வதென்று முடிவெடுத்திருந்தார்கள்.

"நீர் நேற்றுக் கப்பலில் வந்தீரா?"

"ஓம் சேர்."

"கப்பல் இடையில் நின்றதா?"

"நான் கண்ணால காணல்ல சேர்."

"சுக்கானி என்ன செய்துகொண்டிருந்தார்?"

"அதையும் காணல்ல சேர்."

முப்பத்தெட்டுப் பேர் வரிசையாக வந்து காணவில்லை என்றார்கள். ஒவ்வொருவரும் சொல்லிவிட்டு, பொய் சொல்லவில்லை என்ற திருப்தியோடு போய் இருந்தார்கள். கடைசியாக வந்த உதுமாலெவ்வைக் காக்காவிடம் ஐயா கேட்டார். "அப்படியானால் சில்லில் ஆற்றுவாழை சிக்கியதையும், அதைச் சுக்கானி துப்புரவாக்கியதையும் நீர் கண்டீரா?"

காக்கா யோசித்தார். இல்லாத ஆற்றுவாழையைக் கண்டேன் என்று எப்படிச் சொல்வது? "காணல்ல சேர்" என்றார்.

ஐயா பேனையை வைத்தார். "ஆக, ஆற்றுவாழையை ஒருவரும் காணவில்லை. சுக்கானி வேலை செய்ததையும் ஒருவரும் காணவில்லை. பதிவு முழுக்கப் பொய். பெட்டிசத்தில் இருப்பதுதான் உண்மை."

உதுமாலெவ்வைக் காக்காவின் முகம் செத்துப்போனது. பொய் சொல்லாமலே ஒரு மனிதரின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஐயா ஏதோ எழுதத் தொடங்கினார். பெண்கள் அறையில் என் பக்கத்திலிருந்த ஒரு ராத்தா என் கையைப் பிடித்து, "நீ இரி புள்ள, ஆம்பிளையள் பாத்துக்குவாங்க" என்றாள். அவர்கள் பார்த்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேனே. கையை உதறிவிட்டு முன் தட்டுக்குப் போனேன்.

"சேர், நான் கண்டன்" என்றேன். "சப்புல நிக்காத ஆள் நான். ஒவ்வொரு நாளும் கண்டன். ஓம், கப்பல் நிண்டது. ஓம், கிறுகினது. ஆற்றுவாழை இல்ல, தொழுகை. அவர் குடிக்கிறவரில்ல. இவங்கள் சரிஞ்சா சில்லு எழும்பிரும் எண்டுதான் கிறுக்கிறார்."

கணபதியண்ணன் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பாதிக் கண்ணில் நன்றியெல்லாம் இல்லை. விட்டால் என்னை ஆற்றில் தள்ளியிருப்பார்.

"தொழுகை சில்லை எழுப்புமா? நல்ல கதை" என்றார் ஐயா. "அரசாங்கக் கப்பலை இப்படித் திருப்ப இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"அப்ப இண்டைக்குக் கிறுக்காம ஓடச் சொல்லிப் பாருங்க. இப்ப வக்து வரப்போகுது. நீங்களும் இரிக்கிறீங்கதானே."

எங்கிருந்து எனக்கு அந்தத் துணிவு வந்ததோ. ஐயா சிவந்துபோய்ச் சுக்கான் கூட்டைப் பார்த்துக் கத்தினார். "சுக்கானி, இன்றைக்குக் கப்பலைத் திருப்பக் கூடாது. நேரே ஓட்டும். இது உத்தரவு."

"சரி சேர்" என்றார் கணபதியண்ணன். அவ்வளவுதான்.

மஹ்ரிப் வந்தது. மேசை முன் தட்டில் இருந்ததால் எங்கள் ஆட்கள் வலது விளிம்பில் சப்பு கட்டினார்கள். வேறு இடமில்லை. உதுமாலெவ்வைக் காக்கா தக்பீர் கட்டினார். கப்பல் மெல்ல வலது பக்கம் சரிந்தது. இடது சில்லு தண்ணீரைவிட்டு எழும்பிப் படபடவென்று காற்றில் அடித்தது. வலது சில்லு மட்டும் உந்தியதில் கப்பல் இடது பக்கமாக வளைந்தது. அதாவது கிழக்கே, கிப்லாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காக்கா கட்டிய கையோடு மேற்குச் சிவப்பைத் தேடிக் கொஞ்சம் திரும்பினார். பின்னால் முப்பத்தேழு பேரும் திரும்பினார்கள். கப்பல் இன்னும் சரிந்தது. ஐயாவின் மேசை வழுக்கிப் போய் விளிம்பில் முட்டியது, மைக்கூடு முப்பத்தெட்டுப் பேரின் வாக்குமூலத்திலும் கவிழ்ந்தது. முன்னுக்கு மீன் பிடிக்கிற கட்டுத் தடிகள் தெரிந்தன, அதற்கு அப்பால் சேறு. கணபதியண்ணன் சுக்கானைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றார். உத்தரவு உத்தரவுதானே.

"திருப்பும், கெதியாத் திருப்பும்" என்று ஐயா தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார்.

"எந்தப் பக்கம் சேர்?"

"அவங்கள் பாக்கிற பக்கம்."

கணபதியண்ணன் குழாயில் குனிந்தார். "யோசேப்பு, இடது முன்னுக்கு, வலது பின்னுக்கு."

கப்பல் கிறுகி நிமிர்ந்தது. சப்பு கலையாமல் தொழுகை முடிந்தது. ஐயா ஒரு கையில் சப்பாத்தும் ஒரு கையில் மை ஊறிய கடதாசியுமாகக் கடைசி சலாம் வரை நின்றார். இறங்கும்போது என்னைப் பார்த்து, "நீங்கள் என்ன படிப்பிக்கிறீங்கள்?" என்று கேட்டார். "கணக்கு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வேலை போகவில்லை. இரண்டு கிழமையில் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அந்த இடத்தில் ஆற்றுவாழைத் தொல்லை இருப்பதை நேரில் கண்டதாகவும், அதை அகற்ற ஒவ்வொரு பின்னேரமும் ஏழு நிமிடம் ஒதுக்குவதாகவும் ஐயா எழுதியிருந்தார். கடைசி பஸ்ஸையும் பத்து நிமிடம் தாமதித்து எடுக்க ஒழுங்கு செய்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நான் முன் தட்டில் நின்று சொன்ன உண்மை எந்தக் கடதாசியிலும் ஏறவில்லை. ஏறியிருந்தால் அந்தப் பொடியன் இன்று கிராப் போட்டுக்கொண்டிருக்க மாட்டான். கணபதியண்ணன் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள், "டீச்சர், நடுவுல இரிங்க" என்று ஏசினார். அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி.

பதினாறு வருடம் அந்தக் கப்பலில் போய் வந்தேன். மருதடித்துறைக்கு வேறு ஒருவரும் வரமாட்டேன் என்றார்கள், நானும் மாறிப் போகமாட்டேன் என்றேன். பிறகு நாடு கெட்டது. எங்கள் ஆட்களுக்கும் தமிழ் ஆட்களுக்கும் இடையில் எரிந்தது, வெட்டுப்பட்டது. யார் முதலில் தொடங்கினார்கள் என்று இரண்டு பக்கமும் வெவ்வேறு கதை வைத்திருக்கிறது, அதை நான் எழுதப் போவதில்லை. பின்னேரக் கப்பலில் நாற்பது பேர் இருபதானார்கள், இருபது ஐந்தானது. உதுமாலெவ்வைக் காக்கா படுவான்கரை வயலைக் கைவிட்டார். வாப்பா அதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார். என் புருசன் போகாதே என்றார், கூடப் பிறந்த காக்காமார் போகாதே என்றார்கள். என் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளின் புலமைப்பரிசில் விண்ணப்பம் என் கையில் இருந்தது. தாய்தகப்பனின் கையெழுத்து வாங்காமல் அனுப்ப ஏலாது. நான் போனேன்.

அன்று பின்னேரம் மருதடித்துறையில் ஏறியபோது கப்பலில் எங்கள் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. தமிழ் ஆட்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். சீக்கிரம் கரை சேர்ந்தால் போதும் என்பது ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. பெண்கள் அறையில் நான் மட்டும். சூரியன் பட்டது. கப்பல் வேகம் குறைந்தது, நின்றது. யாரோ மறித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டது. "யோசேப்பு, இடது முன்னுக்கு, வலது பின்னுக்கு."

முன்னால் இருந்த ஒருவர் எழும்பிவிட்டார். "என்ன கணவதி, விசரா உனக்கு? ஆரு இரிக்கா தொழ? இருட்டுக்கு முன்னம் போகவேணும்."

"டீச்சர் இரிக்கா" என்றார் கணபதியண்ணன்.

மூக்கு நேரே கிப்லாவுக்கு வந்து நின்றது. ஒரு பெண் ஒரு பக்கமாக நின்றால் எந்தச் சில்லும் எழும்பாது, அது அவருக்குத் தெரியாதா? நான் பெண்கள் அறையை விட்டு எழும்பினேன். கப்பல் பைப்பில் கை கால் முகம் கழுவி ஒழு எடுத்தேன். நாற்பது ஆண்கள் சப்பு கட்டுகிற முன் தட்டில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, தனியாக நின்று மூன்று ரக்அத்தும் தொழுதேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். அவசரப்படவில்லை, அதை மட்டும் சொல்வேன்.

கிட்டங்கியில் இறங்கும்போது கேட்டேன். "ஒரு ஆளுக்குச் சில்லு எழும்புமா கணபதியண்ணன்?"

"நேரத்த வீணாக்காம இறங்குங்க டீச்சர்" என்றார்.

அந்தக் கிழமையோடு கப்பல் நின்றது. கட்டிப்போட்ட இடத்திலேயே அடியில் ஓட்டை விழுந்து சாய்ந்தது. இரும்பைக் கழற்றி விற்றவர்கள் விற்றார்கள். துறை மண் மூடிப்போனது. அந்த ஒன்பது பிள்ளைகளில் இரண்டு பேர் சித்தியடைந்தார்கள் என்று ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இன்று கிட்டங்கியில் பாலத்தால் போகலாம், முச்சக்கர வண்டியில் ஒரு பாட்டு முடிவதற்குள் மறுகரை வந்துவிடும். கூட வருகிறவர் யார், எந்த ஊர் என்று ஏறுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நடுவுல இரிங்க என்று ஏச ஓர் ஆள் இல்லை.

கணபதியண்ணன் இறந்த செய்தி எனக்கு மூன்று மாதம் பிந்தித்தான் வந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துச் சாவு இந்தப் பக்கம் சொல்லப்படுவதில்லை, இந்தப் பக்கத்துச் சாவு அந்தப் பக்கமும் அப்படித்தான். கேள்விப்பட்ட அன்றே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பாண்டிருப்புக்கு நடந்தேன். எங்கள் எல்லையில் எங்கள் பொடியன்மார் காவலுக்கு நின்றார்கள். "எங்க டீச்சர் போறீங்க?" என்று மறித்தார்கள். "மையத்து வீட்டுக்கு" என்றேன். அவர்கள் எல்லையில் அவர்களுடைய பொடியன்மார் நின்றார்கள். "செத்த வீட்டுக்கு" என்றேன். "ஆரு உங்களுக்கு?" என்று ஒருவன் கேட்டான். "எங்கட சுக்கானி" என்றேன். விட்டார்கள்.

அவருடைய மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னைக் கண்டதும் யாரென்று கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. சுளகை வைத்துவிட்டு எழும்பினார்.

"உங்கட வீடு மருதமுனையில எங்க டீச்சர்?"

சொன்னேன்.

"அங்கால இருந்து இஞ்சால பத்து நிமிசம் நடை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்ப்பது போலத்தான் சொன்னார். "மூண்டு மாசம் எடுத்திருக்கு, என்ன?"

கந்தோர் ஐயாவுக்கு வாய் காட்டியவள், வாப்பாவுக்கும் புருசனுக்கும் இரண்டு எல்லைப் பொடியன்மாருக்கும் பதில் சொன்னவள் நான்.

"ஓம்" என்றேன்.